சட்டம் கேட்காத கையெழுத்து

தமிழ்நாட்டில் மகப்பேறு பார்க்கும் டாக்டர்களுக்கு, முக்கியமாக என் மகள் வயதில் இருக்கும் டாக்டரம்மாக்களுக்கு,

வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற அரசு செவிலியர். தென்மாவட்டங்களில் 35 வருட வேலை. அதில் முக்கால்வாசி லேபர் வார்டும் குடும்பநல ஓபியும்தான். உங்களில் சிலர் ஹவுஸ் சர்ஜனாக வந்து முதல் பிரசவம் பார்த்தபோது, பக்கத்தில் நின்று தலையைப் பிடி, தோளை விடு என்று காதோரம் சொன்னவள் என்னைப் போன்ற ஒருத்தியாகத்தான் இருந்திருப்பாள். அந்த உரிமையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்க வந்தது சின்ன விஷயம். கருவைக் கலைக்க வரும் பெண்ணிடம் கணவர் கையெழுத்து கேட்காதீர்கள். அவ்வளவுதான். இதற்கு ஒரு மடலா என்று உங்களுக்குத் தோன்றலாம். எங்கள் தெருவில் ஒரு பெண் போன மாதம்தான் "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா, அப்புறம் பாக்கலாம்" என்று திருப்பி அனுப்பப்பட்டாள். அதனால் எழுத வேண்டியிருக்கிறது.

நான் எந்தப் பக்கம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். ஞாயிறு பூசை தவறியதில்லை, நைட் டூட்டி முடித்து நேராகக் கோயிலுக்குப் போய் பிரசங்கத்தில் தூங்கி விழுந்தது தனிக்கதை. கரு உண்டான நொடியே அது உயிர் என்று ஞானோபதேச வகுப்பில் சொல்லிக் கொடுத்ததை இன்றைக்கும் நம்புகிறேன். கருக்கலைப்பு எனக்கு ஒப்புதல் இல்லாத காரியம். நேற்றுவரை இல்லை, நாளைக்கும் இருக்கப்போவதில்லை.

முதல் போஸ்டிங்கில் எங்கள் தலைமைச் செவிலியரிடம் போய், "சிஸ்டர், எனக்கு எம்டிபி டேபிள், கருக்கலைப்பு செய்ற அந்த டேபிள் மட்டும் வேண்டாம், வேற எந்த வேலை குடுத்தாலும் செய்றேன்" என்று அழாத குறையாகக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. பைபிளைப் பற்றியும் பேசவில்லை. "சரி, உன் கை வேண்டாம். ஆனா டேபிள்ல படுத்திருக்கிறவகிட்ட உன் மூஞ்சியில அதைக் காட்டாதே" என்றார். மறுநாளிலிருந்து எனக்குப் பிரசவ அறை. என் இடத்தில் வேறொரு அக்கா நின்றார். இங்கிலாந்தின் 1967 சட்டத்தில், மனச்சாட்சி இடம் கொடுக்காதவர் கருக்கலைப்பில் பங்கெடுக்க வேண்டியதில்லை என்று தனிப்பிரிவே இருக்கிறது. நம் நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை. எங்கள் தலைமைச் செவிலியரே எனக்கு அந்தப் பிரிவாக இருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால், பயிற்சிக் காலத்தில் பார்த்த ஒன்று. 1984. மகளிர் வார்டில் கடைசிக் கட்டில். நாலு பிள்ளை பெற்றவள், ஐந்தாவது வேண்டாம் என்று ஊரில் யாரிடமோ போயிருக்கிறாள். எருக்கங்குச்சி. கருவைக் கலைக்கக் கர்ப்பப்பைக்குள் எருக்கஞ்செடிக் குச்சியைச் செருகிவிடுவார்கள். உங்களில் பலர் இதைப் பாடப்புத்தகத்தில் மட்டும் படித்திருப்பீர்கள். நான் அந்தக் கட்டிலின் விரிப்பை மாற்றியவள். அந்த வாடை இப்போதும் சில சமயம் வரும், காரணமே இல்லாமல், பஸ்ஸில் போகும்போதுகூட. மூன்றாம் நாள் போய்விட்டாள். கடைசிப் பிள்ளை இடுப்பில் உட்காரும் வயது, அதை வராந்தாவில் அவள் அம்மா வைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு எனக்கு ஒரு விஷயம் தெரியாது. பிறகுதான் படித்தேன். அவள் குச்சியைத் தேடிப் போன அந்த வருடம், கருக்கலைப்புச் சட்டம் வந்து 12 வருடம் ஆகியிருந்தது. சாந்திலால் ஷா தலைமையில் 1964-இல் அரசு ஒரு குழு போட்டது. இப்படித் திருட்டுத்தனமாகச் செய்துகொண்டு செத்துப்போகும் பெண்களைப் பற்றி ஆராய்வதே அதன் வேலை. 1971-இல் சட்டம் நிறைவேறி, 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அவள் ஊரிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு நேர் பஸ் இருந்தது. இருந்தும் அவள் ஏன் எங்களிடம் வரவில்லை என்று ரொம்ப நாள் யோசித்தேன். அப்புறம் ஓபியில் உட்கார ஆரம்பித்ததும் காரணம் தானாகப் புரிந்தது.

ஓபியில் எங்கள் பார்வை எங்கே போகும் தெரியுமா? முகத்துக்கு அல்ல. முதலில் கழுத்து, அப்புறம் கால். தாலி இருக்கிறதா, மெட்டி இருக்கிறதா. ஒரு பெண் வந்தாள், இருபத்தொன்று இருபத்திரண்டு வயது. காலில் மெட்டி மினுமினு என்று இருந்தது. பேன்சி ஸ்டோரில் அன்று காலை வாங்கியது என்று எங்கள் ஆயாம்மா பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். வருடக்கணக்கில் மெட்டி போட்டவள் விரலில் ஒரு தடம் இருக்கும், இவள் விரலில் இல்லை. அளவு சரியில்லாமல் விரல் சிவந்து வீங்கியிருந்தது. நாங்கள் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். அந்தச் சிரிப்பை அவள் பார்த்தாள். சீட்டை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனவள்தான், திரும்பி வரவில்லை. மூஞ்சியில் காட்டாதே என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த அந்தத் தலைமைச் செவிலியர் அதற்குள் ஓய்வு பெற்றுப் போயிருந்தார்.

இனி கையெழுத்துக் கதை.

2014-ஆக இருக்க வேண்டும். மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை. இரண்டு பெண் பிள்ளை, ஒரு பையன் உள்ள ஒருத்தி வந்தாள். நாள் தள்ளி ஏழு வாரம். கணவர் குவைத்தில் டிரைவர். பொங்கலுக்கு வந்து ஜனவரி கடைசியில் திரும்பிப் போயிருக்கிறார். இதை அவள் சொன்னதும் அறையிலிருந்த ஒருவர் மேசைக்கடியில் விரல்விட்டு எண்ணினார், தேதி ஒத்துவருகிறதா என்று. ஒத்துவந்தது. ஒத்துவராவிட்டால் என்ன செய்திருப்போம், தெரியாது.

ஏழு வாரம் என்றால் மாத்திரையிலேயே முடிந்திருக்கும். டாக்டரம்மா நல்லவர், அதட்டிப் பேசத் தெரியாதவர். "வீட்டுக்காரர் கையெழுத்து வேணுமேம்மா" என்றார். குவைத் என்றாள். அப்படியானால் மாமனார்? செத்துப்போய்விட்டார். அப்பா? வேறு மாவட்டம், அவருக்குத் தெரிந்தால் வெட்டிப்போட்டுவிடுவார். "கொழுந்தன் யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வாம்மா."

கொழுந்தன் பாலிடெக்னிக் விடுதியில் இருந்தான். தேர்வு. அவள் ஒரு வாரம் கழித்து வந்தாள், அன்று டாக்டரம்மா லீவு. அடுத்த முறை வந்தபோது ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். கொழுந்தன் வந்து சேர்ந்தபோது பதின்மூன்றாவது வாரம். மாத்திரைக் கணக்கு எப்போதோ தாண்டிவிட்டது. அப்போதிருந்த சட்டப்படி 12 வாரத்துக்கு மேல் போனால் இரண்டு டாக்டர் அபிப்பிராயம் வேண்டும். வார்டில் சேர்த்து, மருந்து வைத்து, வலி வரவழைத்து, பிரசவம் மாதிரியேதான். பக்கத்துக் கட்டிலில் குழந்தை அழுதுகொண்டிருந்தது. இடம் இல்லாததால் அங்கே போட்டோம்.

அந்தப் பையனை நினைத்தால் இன்றைக்கும் பாவமாக இருக்கிறது. மீசை சரியாக முளைக்காத முகம். அண்ணியின் வயிற்றைப் பற்றிய தாளில் கையெழுத்துப் போடச் சொன்னால் அவன் எங்கே பார்ப்பான்? சுவரில் ஒட்டியிருந்த போலியோ போஸ்டரைப் பார்த்துக்கொண்டே போட்டான். 'கணவர் / பாதுகாவலர்' என்ற இடத்தில். பத்து வருடம் குடும்பம் நடத்தி, மூன்று பிள்ளை பெற்று, மாமியாரைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த முப்பது வயதுப் பெண்ணுக்கு, செமஸ்டர் அரியர் வைத்திருந்த ஒரு பையன் பாதுகாவலர்.

இதில் நான் ஒளித்துவைக்கக்கூடாத ஒன்று இருக்கிறது. கணவர் / பாதுகாவலர் கையெழுத்துக்கான அந்தக் கோட்டை அந்தப் படிவத்தில் போட்டவள் நான்.

சட்டப்படி உள்ள ஒப்புதல் தாள் படிவம் சி. அதில் பெண்ணின் ஒப்புதல் மட்டும்தான். பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தாலோ, மனநலம் பாதிக்கப்பட்டிருந்தாலோ மட்டும் பாதுகாவலர் கையெழுத்து. 1990-களின் நடுவில் ஒருநாள், மனைவி தனக்குத் தெரியாமல் கலைத்துவிட்டாள் என்று ஒருவர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து ஓபி ஜன்னல் கண்ணாடியை உடைத்தார். அன்று இருந்த டாக்டர் நடுங்கிப்போனார். "சிஸ்டர், இனிமே அவனுங்க கையெழுத்தும் ஒண்ணு வாங்கிடுங்க" என்றார். படிவத்தின் அடியில் இடம் இருந்தது. ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்து, பால்பாயின்ட் பேனாவால் கணவர் / பாதுகாவளர் என்று எழுதி, நூறு ஜெராக்ஸ் எடுத்து வந்தேன். பாதுகாவளர். அவசரத்தில் ளகரம் விழுந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து எடுத்து எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆன பிறகு, யாரோ அதைக் கம்ப்யூட்டரில் புதிதாக அடித்தார்கள். நான் இரண்டு ஊர் மாறிவிட்டு அதே ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தபோது, அழகான அச்சில், தடித்த எழுத்தில், என் ளகரம் அப்படியே இருந்தது. அந்தப் பையன் கையெழுத்துப் போட்டது அதற்கு மேல்தான்.

ஆக, டாக்டர்களே, உங்கள் மேல் பழி போடும் தகுதி எனக்கு அதிகம் இல்லை. பயத்தில் பிறந்த கோடு அது. அந்தப் பயத்தை நான் அறிவேன். ஆனால் அந்தப் பயத்துக்குச் சட்டத்தில் ஆதாரம் இருக்கிறதா என்று பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகு நேரம் நிறைய இருக்கிறது, என் மருமகன் வக்கீல்.

கலைத்ததற்காக மனைவி மேலும் டாக்டர்கள் மேலும் நஷ்டஈடு வழக்குப் போட்ட ஒருவரின் வழக்கு பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 2011-இல் அது தள்ளுபடியானது. அவர் விடாமல் உச்ச நீதிமன்றம் போனார். 2017-இல் அங்கேயும் தள்ளுபடி. வயது வந்த பெண்ணின் சம்மதம் போதும், கணவரின் சம்மதம் தேவையில்லை என்பது அதோடு தீர்ந்த விஷயம். 2022 செப்டம்பர் 29-இல் நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு திருமணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம்வரை உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது உங்களுக்குத் தெரியும். பேப்பரில் எல்லாம் அதுதான் தலைப்பு. அதே தீர்ப்பில் இன்னொரு இடம் இருக்கிறது. குடும்பத்தார் சம்மதம், அது இது என்று சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை டாக்டர்கள் போடக்கூடாது என்று உங்களைப் பார்த்தே சொல்லியிருக்கிறார்கள். அதை ஓபி சுவரில் ஒட்டிய ஓர் ஆஸ்பத்திரியைக்கூட நான் பார்க்கவில்லை.

சரி, எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 2007-இல் ஒரு விவாகரத்து வழக்கில், மருத்துவக் காரணம் இல்லாமல் கணவருக்குத் தெரியாமல் கருவைக் கலைப்பது மனரீதியான கொடுமையாகலாம் என்று உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. சில டாக்டர்கள் இதைத்தான் காட்டுகிறார்கள். நன்றாகப் பாருங்கள், அது கணவனுக்கும் மனைவிக்கும் குடும்ப நீதிமன்றத்தில் நடக்கிற வழக்கு. உங்கள் மேசைக்கு அதில் ஒரு நாற்காலியும் இல்லை. ஜன்னலை உடைப்பவர்களுக்கு 2008-இலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. உடைக்க வருகிறவன் படிவத்தைப் பார்த்துவிட்டு உடைப்பதில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும்.

இவ்வளவு சட்டம் பேசினாலும், பல டாக்டர்கள் கையெழுத்து கேட்பதற்குப் பயம் மட்டும் காரணம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. மனசு ஒப்பவில்லை. "நான் செய்ய மாட்டேன்" என்று சொல்லவும் முடியவில்லை. அதனால் ஒரு தாளை முன்னால் தள்ளுகிறோம். அவள் அலைந்து சோர்ந்து போய்விடுவாள், நம் கை சுத்தமாக இருக்கும். இதை வேறு யாரையும் வைத்துச் சொல்லவில்லை, என்னை வைத்துத்தான் சொல்கிறேன். கொழுந்தனைக் கூட்டிவரச் சொன்னபோது, அவள் மனசு மாறிப் பெற்றுக்கொள்வாள் என்று எனக்குள் ஓர் ஆசை இருந்தது. அவளுக்காக ஜெபம்கூடச் செய்தேன். அவள் மனசு மாறவில்லை. கரு ஆறு வாரம் வளர்ந்தது, அவ்வளவுதான் நடந்தது. உயிர் என்று நம்புகிற நானே, அது இன்னும் வளர்ந்த பிறகு கலைக்கப்படும்படி செய்துவிட்டேன். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேனா என்று கேட்காதீர்கள்.

மனசு ஒப்பாதது குற்றம் என்று நான் சொல்லவே மாட்டேன். நைட் டூட்டியில் இரண்டு மணிக்கு மேல் வேலை ஓய்ந்ததும் பிளாஸ்க் டீயோடு நாங்கள் நாலு பேர் உட்காருவோம். இந்தப் பேச்சு அடிக்கடி வரும். என்னோடு இருந்த பாத்திமா அக்கா (உண்மைப் பெயர் வேறு) 120 நாளில்தான் ரூஹ், அதாவது ஆன்மா, ஊதப்படுகிறது, அதற்கு முன் தகுந்த காரணம் இருந்தால் செய்யலாம் என்று சொல்கிற ஆலிம்களும், அதாவது மார்க்க அறிஞர்களும் உண்டு, கூடவே கூடாது என்பவர்களும் உண்டு என்பார். லேப் டெக்னீஷியன் பெண் கறுப்புச்சட்டைக் குடும்பம். "உங்க வயிறா இருந்தா நீங்க முடிவு பண்ணுங்க, அவ வயிறு, அவ முடிவு பண்ணட்டும், இதுல பேச என்ன இருக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். இன்னொரு தங்கச்சி, குழந்தைக்காகப் பதினோரு வருடம் கோயில் கோயிலாக ஏறியவள். அவள் பேசவே மாட்டாள், டம்ளரைக் கழுவ எழுந்து போய்விடுவாள். எங்கள் நாலு பேருக்கும் கடைசிவரை ஒத்த கருத்து வரவில்லை. ஆனால் மணி அடித்தால் நாலு பேரும் ஒரே கட்டிலுக்குத்தான் ஓடுவோம்.

நீதிபதிகளுக்கே ஒத்துவரவில்லையே. 2023 அக்டோபரில், இரண்டு குழந்தை உள்ள ஒரு பெண், பிரசவத்துக்குப் பின் வந்த மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவள், 26 வாரக் கருவோடு உச்ச நீதிமன்றம் போனாள். முதலில் இரண்டு நீதிபதிகள் அனுமதி கொடுத்தார்கள். இரண்டு நாளில் அதே இருவருக்குள் கருத்து பிரிந்தது. நீதிபதி ஹிமா கோலிக்கு மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை, நீதிபதி நாகரத்னா அந்தப் பெண்ணின் முடிவை மதிக்க வேண்டும் என்றார். இரண்டு பேரும் பெண்கள். பிறகு மூன்று நீதிபதிகள் அமர்வு அக்டோபர் 16-இல் அனுமதி மறுத்தது. எனக்கு அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்று இன்றுவரை முடிவுக்கு வரத் தெரியவில்லை. 26 வாரக் குழந்தையைக் கையில் ஏந்தியவள் நான், அதன் விரல் எப்படி இருக்கும் என்று தெரியும். அந்தத் தாயின் நோய் எப்படி இருக்கும் என்றும் தெரியும். ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்த இருவரும் தங்கள் கருத்தைத் திறந்த நீதிமன்றத்தில், காரணத்தோடு, தங்கள் பெயரிலேயே சொன்னார்கள். கொழுந்தனைக் கூட்டிவரச் சொல்லவில்லை.

கணவருக்குப் பங்கே இல்லையா என்று கேட்பீர்கள். ஒருவர் என்னிடமே கேட்டார். கண்ணாடியை உடைத்தவர் இல்லை, வேறொருவர். வராந்தா பெஞ்சில் டிபன் கேரியரோடு உட்கார்ந்திருந்தார். மனைவி கலைத்த பிறகுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. "சிஸ்டர், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்றார். சத்தம் போடவில்லை. உள்ளே போய் அவளுக்கு இட்லி கொடுத்துவிட்டு வந்து மறுபடி அதே பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை, இப்போதும் இல்லை. அவள் அவரிடம் சொல்லியிருக்கத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் அது அவர்கள் வீட்டுத் திண்ணையில் நடக்க வேண்டிய பேச்சு. அதை நான் ஒரு கோடு போட்டு வரவழைக்க முடியாது. சொல்லக்கூடிய கணவராக இருந்தால் பெரும்பாலும் பெண்களே சொல்லிவிடுகிறார்கள், கூடவே கூட்டிக்கொண்டும் வருகிறார்கள்.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு ரொம்ப வருடம் கழித்து உறைத்தது. கணவர் கையெழுத்து எங்கே சுலபமாகக் கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கேட்காமலே கிடைக்கும் இடம் ஒன்று இருக்கிறது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் ஏன் தொடங்கியது, கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1994-இல் ஏன் வந்தது என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கள்ளிப்பால் பேச்சு அடங்கி ஸ்கேன் வந்த காலத்தில் நான் ஓபியில் இருந்தேன். மூன்றாவதும் பெண் என்று எங்கேயோ தெரிந்துகொண்டு வருகிறவர்கள் ஒருபோதும் தாள் இல்லாமல் வருவதில்லை. மாமியார் மடியில் பிளாஸ்டிக் கவர். அதற்குள் ஆதார், ரேஷன் கார்டு நகல், கணவர் கையெழுத்து, கேட்டால் மாமனார் கையெழுத்தும். கேட்ட கேள்விக்கெல்லாம் மாமியார்தான் பதில். பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்தக் கோட்டை நான் போட்டது கருவைக் காப்பாற்றத்தான் என்று வைத்துக்கொண்டாலும், வெட்டக் கொண்டுவருகிறவர்களுக்கு அது திறந்த கதவு, தானாக நடந்து வருகிறவளுக்குத்தான் பூட்டு.

அப்படி ஒருமுறை வந்தபோது, புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஒரு சின்ன டாக்டரம்மா ஒரு காரியம் செய்தார். "பரிசோதனை பண்ணணும், கூட வந்தவங்க எல்லாரும் வெளியே இருங்க" என்றார். மாமியார் நகரவில்லை. "சிஸ்டர், கதவைச் சாத்துங்க" என்று என்னிடம் சொன்னார். சாத்தினேன். அந்தப் பெண்ணைக் கட்டிலில் படுக்க வைக்காமல் ஸ்டூலில் உட்கார வைத்து, "உனக்கு என்னம்மா வேணும்?" என்றார். பதில் வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. "பெத்துக்கிறேன்" என்றாள், கதவைப் பார்த்துக்கொண்டே. டாக்டரம்மா வெளியே போய், ரத்தம் ரொம்பக் குறைவாக இருக்கிறது, இப்போது கை வைத்தால் ஆபத்து, என்னால் செய்ய முடியாது என்று மாமியாரிடம் சொன்னார். பொய்தான். நான் பக்கத்தில் நின்று ஆமாம் போட்டேன்.

அந்த இரண்டு நிமிடத்தைத்தான் உங்களிடம் கேட்கிறேன். யார் வந்தாலும், யாரோடு வந்தாலும், கதவைச் சாத்திவிட்டு அவளிடம் தனியாக ஒரு கேள்வி. கலைக்கச் சொல்லி இழுத்து வரப்பட்டவளும் அதில் தெரிந்துவிடுவாள், கலைக்க விடாமல் தடுக்கப்பட்டவளும் தெரிந்துவிடுவாள். அவள் கையெழுத்து ஒன்று போதும் என்பதன் அர்த்தமே, அது அவளுடைய கையெழுத்துதானா என்று பார்க்க வேண்டிய வேலை உங்களுக்கு இருக்கிறது என்பதுதான்.

மனசு ஒப்பாத டாக்டர்களுக்கு ஒன்று. ஒப்பவில்லை என்றால் செய்யாதீர்கள், அவள் உயிருக்கு ஆபத்து என்கிற நிலை தவிர. ஆனால் அன்றைக்கே, அந்த நிமிடமே, "நான் இதைச் செய்றதில்லம்மா, பக்கத்து அறையில டாக்டர் செய்வாங்க" என்றோ, "இந்த ஆஸ்பத்திரிக்குப் போ, இந்தக் கிழமை போ" என்றோ சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். இதுவே அந்தப் பாவத்துக்கு உடந்தை என்று என்னுடைய சில சகோதரிகள் சொல்வார்கள். எனக்கும் அது முள்ளாகத்தான் குத்துகிறது. ஆனால் ஸ்கேன் எடு, ரத்தம் எடு, அடுத்த வாரம் வா, கொழுந்தனைக் கூட்டிட்டு வா என்று அலையவிட்டு இருபது வாரத்தைத் தாண்ட வைப்பதைவிட இது நேர்மையான காரியம். போப் பிரான்சிஸ் 2016-இல் கருக்கலைப்புப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை எல்லாக் குருக்களுக்கும் நிலையாகக் கொடுத்தார். அது கொடிய பாவம் என்று அதே கடிதத்தில் திரும்பவும் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார். தன் கருத்தை ஒளிக்கவும் இல்லை, கதவை மூடவும் இல்லை. எனக்கு அது போதுமானதாக இருக்கிறது.

கலைக்க வந்தவளிடம் காப்பர் டி போட்டால்தான் ஆச்சு, ஆபரேஷன் செய்துகொண்டால்தான் ஆச்சு என்று பேரம் பேசுவதும் இதே ரகம். எடுத்துச் சொல்லுங்கள், நிபந்தனை போடாதீர்கள். அப்புறம், அவள் கலைத்த செய்தியை ஊருக்குள் கசியவிடாதீர்கள். 2021 திருத்தத்துக்குப் பிறகு அதற்குச் சிறைத்தண்டனைகூட உண்டு. கர்ப்பிணிகளைப் பதியும் அரசின் பிக்மி கணினிப் பதிவில் அவள் பெயர் இருந்தால் கிராம செவிலியர் வீடு தேடி வந்து, "என்னாச்சு, செக்கப்புக்கு வரல?" என்று மாமியார் முன்னாலேயே கேட்பார். அவர் வேலை அது, தப்பில்லை. அவருக்கு முன்கூட்டியே ஒரு போன் போட்டுச் சொல்லிவிட உங்களுக்கு அரை நிமிடம் போதும்.

செவ்வாய்க்கிழமை குடும்பநல ஓபிக்குப் போகும்போது, சிஸ்டர் மேசையின் இரண்டாவது டிராயரைத் திறந்து பாருங்கள். ஒப்புதல் தாள் கட்டு அங்கேதான் இருக்கும், ஆஸ்பத்திரி மாறினாலும் அது இருக்கும் இடம் மாறுவதில்லை. ஒன்றை எடுத்துக் கடைசி வரியைப் படியுங்கள். கணவர் என்று ஒரு கோடு இருந்தால், பேனாவை எடுத்து அடித்துவிட்டு, அடியில் உங்கள் கையெழுத்தைப் போட்டு, சிஸ்டரிடம் கொடுத்து இதை வைத்துப் புது ஜெராக்ஸ் எடுத்துவரச் சொல்லுங்கள்.

பாதுகாவளர் என்று ளகரத்தில் இருந்தால் அது நான் போட்டது. இன்னும் அழுத்தியே அடியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்